கபடி பாடுற வாய்க்கு எந்த மவுத் கார்டு

கபடி மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அம்பயர் ரெண்டு டீமையும் வரிசையா நிக்க வச்சு நகம் பாப்பாரு. கை நகம், கால் நகம் ரெண்டும். வளந்திருந்தா அங்கயே வெட்டிட்டு வாடான்னு அனுப்பிடுவாரு. மோதிரம் செயின் எல்லாம் கழட்டணும், உடம்புல எண்ணெய் தடவியிருக்கக் கூடாது. எதிர்ல ஆடுறவன் மேல ஒரு கீறல் விழக் கூடாதுன்னு இவ்ளோ பாக்குறோம், நல்ல விஷயம் தான், ஆனா அந்த பதினாலு பேரு வாயிலயும் இருக்கற முன்பல்ல பத்தி யாரும் ஒரு வார்த்தை கேக்கறது இல்ல. நகம் பட்டா கீறல் ஒரு வாரத்துல ஆறிடும். முட்டி பட்டு பல்லு போனா? அதுக்கு தான் மவுத் கார்டு, அதாவது அடியைத் தாங்கறதுக்கு மேல்பல்லு மேல மாட்டிக்கற ரப்பர் மாதிரி ஒரு உறை.

நான் சேலத்துல ஒரு பல் லேப்ல வேலை பாக்குறேன். டாக்டருங்க வாயில அளவு எடுத்து அனுப்புவாங்க, நாங்க அதுல மாடல் ஊத்தி கேப்பு, பிரிட்ஜு, கழட்டி மாட்டுற செட்டு, கிளிப்பு கழட்டுனவங்களுக்கு ரீட்டெய்னர் இதெல்லாம் செய்வோம். ஆளோட முகத்தை நாங்க பாக்கறதே இல்ல, வாய் மட்டும் பிளாஸ்டரா எங்க டேபிளுக்கு வரும். பொங்கல் முடிஞ்சாலும் சரி, சித்திரை ஆடின்னு திருவிழா சீசன்லயும் சரி, வாழப்பாடி பக்கம், ஓமலூர் பக்கம், எடப்பாடி பக்கம்னு ஊருக்கு ஊரு லைட்டு கட்டி ராத்திரி கபடி விடுவாங்க, அதுக்கப்புறம் வர்ற மாடல்ல முன்னாடி பல்லு ஒண்ணு பாதியா உடைஞ்சிருக்கும், இல்ல பல்லு இருந்த எடம் குழியா இருக்கும். ஸ்லிப்புல வயசு பாத்தா பதினாறு, பதினேழுன்னு எழுதியிருக்கும். எனக்கு அதைப் பாக்கறப்ப மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கும். ஏன்னா அந்த வயசுல போன பல்லுக்கு நான் எவ்ளோ நல்லா கேப்பு செஞ்சு குடுத்தாலும் அது அப்பப்ப மாத்திக்கிட்டே இருக்க வேண்டிய சாமான் தான். இம்பிளான்ட், அதாவது எலும்புலயே திருகிப் பதிக்கற பல்லு, போட்டுக்கலாம்லன்னு வீட்டுல கேப்பாங்க, தாடை எலும்பு வளந்து முடியற வரைக்கும் டாக்டருங்க அதைப் போட மாட்டாங்க, அது வரைக்கும் அந்தப் புள்ள ஒட்டுப் பல்லோட தான் காலேஜ் போகணும்.

கபடில பல்லு எப்படி போகுதுன்னு ஆடுனவங்களுக்கு நல்லா தெரியும். கார்னர்ல நிக்கறவன் குனிஞ்சு பாடி வர்றவனோட கணுக்காலைப் புடிப்பான், புடிச்ச உடனே அவன் காலை உருவிக்க முட்டிய மேல தூக்குவான், அந்த முட்டி நேரா புடிக்கறவன் தாடைக்கும் மூக்குக்கும் நடுவுல வந்து விழும். இல்லன்னா கை கோத்து செயின் போட்டு ரெண்டு பேரு ஒரே ஆள் மேல பாயுவாங்க, ஒருத்தன் மண்டை இன்னொருத்தன் வாயில இடிக்கும், சொந்த டீம் ஆளு தலையே பல்லை எடுத்துடும். இதுல ஆட்டத்துல தப்புன்னு ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் சரியா தான் ஆடியிருப்பாங்க. அதனால தான் பாத்து ஆடுப்பான்னு சொல்றதுல பிரயோஜனமே இல்ல, பாத்து ஆடுனா அது கபடியே இல்ல, வாயில ஏதாவது வச்சுக்கிட்டு ஆடு-ன்னு தான் சொல்லணும்.

ஆனா அங்க தான் பிரச்சனையே. சாயங்காலம் எங்க ஏரியா கிரவுண்டுல ஆடுற பசங்க கிட்ட மவுத் கார்டு போடுங்கடான்னு சொன்னா எல்லாரும் ஒரே பதில் தான் சொல்லுவாங்க, "அதை வச்சுக்கிட்டு பாட முடியாதுண்ணா". இதை நான் சாக்குன்னு நெனக்க மாட்டேன், இது நெஜமான பிரச்சனை. வேற எந்த வெளாட்டுலயும் இது கிடையாது. பாக்ஸிங்காரன் வாயை மூடிக்கிட்டு ஆடலாம், ஹாக்கிக்காரன் கத்துனா போதும், கபடில மட்டும் தான் ரெய்டு போறவன் கோட்டைத் தாண்டுனதுல இருந்து திரும்பி வர்ற வரைக்கும் ஒரே மூச்சுல கபடி கபடி கபடின்னு அம்பயருக்கு கேக்குற மாதிரி பாடிக்கிட்டே இருக்கணும். பாட்டு சரியா இல்லைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க, எதிர் டீமுக்கு ஒரு பாயிண்டும் பாடுற சான்ஸும் கெடச்சிடும். முப்பது செகண்டு ரெய்டு அது. வாயில ஒரு தடி ரப்பரை வச்சுக்கிட்டு முப்பது செகண்டு பாடிப் பாருங்க, அப்ப தெரியும்.

அதனால கடைக்காரர் என்ன சொல்றாரு, கலரு என்ன, பிராண்டு என்னன்னு பாக்கறதுக்கு முன்னாடி கபடிக்காரங்க பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, அதை வாயில வச்சுக்கிட்டு கபடின்னு தெளிவா வருதா. நான் இதை ரொம்ப நாளா கவனிச்சுப் பாத்திருக்கேன், மூணு எழுத்துக்கும் மூணு எடம் இருக்கு. 'க' சொல்றப்ப நாக்கோட பின்பக்கம் மேல எழும்பி மேலண்ணத்தோட பின்னால முட்டும், கார்டு கடவாய்ப்பல்லையும் தாண்டி பின்னாடி நீளமா போயிருந்தா அந்த எடத்துல கொமட்டிக்கிட்டு வரும், பாட்டு தொண்டையிலயே நின்னுடும். 'ப' சொல்ல ரெண்டு உதடும் ஒட்டணும், முன்பக்கம் தேவைக்கு மேல தடியா இருந்தா உதடு மூடாது, கஹடி கஹடின்னு காத்து போகும். 'டி' தான் ரொம்ப முக்கியம், நாக்கு நுனி மடங்கி மேலண்ணத்துல முன்பல்லுக்கு கொஞ்சம் பின்னாடி போய் தட்டணும், கார்டோட உள்பக்க விளிம்பு சரியா அந்த எடத்துல தான் வந்து முடியும், அந்த விளிம்பு தடியா படி மாதிரி நின்னுச்சுன்னா நாக்கு அது மேல ஏறி வழுக்கும். இதுல எது சரியில்லன்னு சொல்லத் தெரிஞ்சா போதும், சரி பண்ணிடலாம்.

இப்ப வகைக்கு வர்றேன். மூணு வகை இருக்கு.

முதல் வகை, பாக்கெட்டைப் பிரிச்சு அப்படியே வாயில போடுறது. விலை கம்மின்னு ஸ்கூல்ல மொத்தமா வாங்கி எல்லாருக்கும் குடுப்பாங்க. அது யாரு வாய்க்கும் செஞ்சது இல்ல, அதனால யாரு வாயிலயும் நிக்காது, பல்லைக் கடிச்சுப் புடிச்சுக்கிட்டே இருந்தா தான் விழாம இருக்கும். பல்லைக் கடிச்சுக்கிட்டு எப்படிங்க பாடுறது? கபடிக்கு இது வேணவே வேணாம். காசு கம்மியா இருக்கேன்னு வாங்கிடாதீங்க, ரெண்டாவது நாளே பையில் கெடக்கும்.

ரெண்டாவது, சுடுதண்ணில போட்டு கடிச்சு நம்ம வாய்க்கு அமைச்சுக்கறது. ஆன்லைன்லயும் சேலத்துல ஸ்போர்ட்ஸ் கடைங்கள்லயும் கெடைக்கிறதுல முக்காவாசி இது தான். ஒழுங்கா செஞ்சா நம்ம பசங்களுக்கு இதுவே போதும்னு நான் சொல்லுவேன், ஆனா ஒழுங்கா செய்யணும், அதை அப்புறம் விளக்கமா எழுதறேன்.

மூணாவது, பல் டாக்டர் கிட்ட போய் அளவு குடுத்து லேப்ல செஞ்சு வாங்கறது. விலை கூட, ஆனா வாய்க்குள்ள போட்டதே தெரியாத மாதிரி உக்காரும். இது எப்படி செய்றோம்னு சொல்றேன், ஏன்னா காசு எதுக்கு போகுதுன்னு தெரிஞ்சா தான் டாக்டர் கிட்ட சரியா கேக்க வரும். டாக்டர் அல்ஜினேட்டுன்னு ஒரு பவுடரை தண்ணில கொழைச்சு மேல்வாயில அச்சு எடுப்பாரு. அதுல ஸ்டோன்னு சொல்ற கெட்டியான பிளாஸ்டரைக் கொழைச்சு ஊத்துனா அப்படியே பல்லும் ஈறும் கல்லுல வந்துடும். அந்த மாடலை மெஷின்ல வச்சு மேல ஒரு ஷீட்டை மாட்டுவோம், இ.வி.ஏ, அதாவது எத்திலீன் வினைல் அசிடேட் ஷீட்டு. சூடு ஏற ஏற ஷீட்டு பளபளன்னு ஆகி நடுவுல தொங்க ஆரம்பிக்கும், தொங்குற அளவைப் பாத்து சரியான நேரத்துல மாடல் மேல எறக்கி வேக்குவத்தை ஆன் பண்ணணும், ஒரே இழுப்புல ஒவ்வொரு பல்லு இடுக்குலயும் போய் படிஞ்சிடும். அவசரப்பட்டா சரியா படியாது, லேட் ஆனா ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி மெலிஞ்சு போயிடும். நல்லா ஆறினப்புறம் தான் மாடல்ல இருந்து எடுக்கணும், சூட்டோட உருவுனா வடிவம் போயிடும். அப்புறம் ஓரம் வெட்டறது. மேலுதட்டை ஈறோட புடிச்சிருக்குமே ஒரு சின்ன சதை, அந்த எடத்துல வி மாதிரி வெட்டு விடணும், இல்லன்னா உதடு அசையறப்பல்லாம் அறுக்கும். கடைசியா ஓரத்தை லேசா சூடு காட்டி மழுங்க விடுவோம், கை வச்சா நெருடக் கூடாது.

தடிமன் விஷயத்துல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. முன்பல்லுக்கு வெளிப்பக்கம் ஒரு 3 எம்எம், கடிக்கிற எடத்துல 2 எம்எம், உள்பக்கம் 1 எம்எம், இது பொதுவா சொல்ற கணக்கு. ஆனா ஷீட்டு சூடாகி இழுபடறப்ப மெலிஞ்சுக்கிட்டே வரும், 3 எம்எம் ஷீட்டு போட்டா முன்பல்லு மேல 3 எம்எம் நிக்காது. அதனால தான் முட்டி மோதற ஆட்டத்துக்கு தடியான ஷீட்டு போடுவோம், இல்ல பிரஷர் மெஷின் இருக்கற லேப்ல ஒரு ஷீட்டு மேல இன்னொரு ஷீட்டு ஒட்டி ரெண்டு அடுக்கா செய்வாங்க. நீங்க டாக்டர் கிட்ட "கபடிக்கு வேணும், ரெய்டர், பாடணும், உள்பக்கத்தை மெலிசா கம்மியா விடச் சொல்லுங்க"-ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், அது ஸ்லிப்புல ஏறி எங்க டேபிளுக்கு வந்துடும், உள்பக்க விளிம்பை ஈறு ஓரம் வரைக்கும் வெட்டி சரிவா சீவி விடுவோம், அடி வாங்குறது வெளிப்பக்கம் தானே, உள்ள கொறைச்சா பெருசா ஒண்ணும் போயிடாது. வெறும் மவுத் கார்டுன்னு மட்டும் எழுதி வந்தா எங்களுக்கு அது ஹாக்கிக்கா கராத்தேக்கா, இல்ல தூக்கத்துல பல்லைக் கடிக்கறவங்களுக்கான்னே தெரியாது. தூக்கத்துல பல்லு கடிக்கறதுக்கு போடுறது வேற சாமான், அதைப் போட்டு வெளாடக் கூடாது.

இந்த வேலைல எனக்கு ரொம்ப புடிச்ச ஒரு விஷயம் இருக்கு, எடம் வந்ததால சொல்லிடறேன். இந்த மவுத் கார்டோட ஆரம்பமே ஒரு பல் டாக்டர் தான். 1890-ல லண்டன்ல உல்ஃப் கிராஸ்னு ஒரு டாக்டர் பாக்ஸருங்க உதடு கிழியாம இருக்க குட்டா பெர்ச்சா பட்டையை அவங்க மேல்பல்லு மேல ஒட்டி அனுப்புவாரு. குட்டா பெர்ச்சான்னா ஒரு மரத்துப் பால்ல வர்றது, இன்னிக்கும் ரூட் கேனால் பண்ணி வேரை அடைக்கறதுக்கு டாக்டருங்க போடுற அந்த மெலிசான கலர் குச்சி அதே குட்டா பெர்ச்சா தான். அப்புறம் அவரு பையன் ஃபிலிப் கிராஸ், அவரும் பல் டாக்டர், திரும்பத் திரும்ப போட்டுக்கற மாதிரி செஞ்சாரு, டெட் கிட் லூயிஸ்னு பெரிய பாக்ஸர் அதைப் போட்டுக்கிட்டு ரிங்குல ஏறினாரு. 1927-ல மைக் மெக்டீக்-னு ஒரு பாக்ஸர் ஜாக் ஷார்க்கி கூட ஆடறப்ப, பாயிண்டுல நல்லா ஆடிக்கிட்டு இருந்த மனுஷன், உடைஞ்ச பல்லு உதட்டைக் கிழிச்சு ரத்தம் நிக்காம மேட்ச்சையே விட்டுக் குடுக்க வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம் தான் பாக்ஸருங்க எல்லாரும் போட ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு பாக்ஸிங்ல இது இல்லாம ரிங்குல ஏறவே விட மாட்டாங்க, ஹாக்கி ரூல்ஸ்லயும் வாய்க்கு பாதுகாப்பு போட்டுக்கச் சொல்லி இருக்கு. நம்ம ஆட்டம் தான் இன்னும் நகத்தோட நிக்குது.

சரி, வீட்டுல சுடுதண்ணில செய்யறதுக்கு வர்றேன். எங்க அக்கா பொண்ணு ஸ்கூல் டீம்ல ரெய்டர். அவளுக்கு நாங்க சமையல்கட்டுலயே உக்காந்து செஞ்சோம். முதல்ல வெறும் வாயில வச்சு கண்ணாடியில பாத்தோம், பின்னாடி ரொம்ப நீளமா போச்சு, கத்திரிக்கோல்ல கடைசி கடவாய்ப்பல்லு வரைக்கும் போகாம கொஞ்சம் வெட்டி மழுக்கிக்கிட்டோம். தண்ணி கொதிச்சதும் அடுப்பை அணைச்சுட்டு, பாக்கெட்டுல எத்தன செகண்டு போட்டிருக்கோ அத்தன செகண்டு தான் உள்ள போடணும், கூட போட்டா கொழகொழன்னு ஆகி சுருங்கிடும். அடுப்புல கொதிக்கற தண்ணிக்குள்ளயே விடாதீங்க, பாத்திரத்தோட அடியில ஒட்டுனா போச்சு. ஜல்லிக் கரண்டில எடுத்து, பச்சத் தண்ணில ஒரு முக்கு முக்கி, உதறி, மேல்பல்லுல நடுக்கோட்டைப் பாத்து நேரா வச்சு மெதுவா கடிக்கணும். நறுக்குன்னு கடிக்கக் கூடாது, நெறைய பேரு இங்க தான் விடறாங்க, முழு பலத்தோட கடிச்சா கடிக்கிற எடத்துல பேப்பர் மாதிரி மெலிஞ்சு அந்த கார்டு எதுக்கும் ஆகாது. மெதுவா கடிச்சுக்கிட்டு, உள்ள இருக்கற காத்தையும் தண்ணியையும் உறிஞ்சி இழுக்கணும், வெளிய விரலால உதட்டு மேலயும் கன்னத்து மேலயும் ஈறோட சேத்து அழுத்தணும், உள்ள நாக்கால மேலண்ணத்துப் பக்கம் தள்ளணும், எல்லாம் ஒரே நேரத்துல. அரை நிமிஷம் போல அப்படியே இருந்துட்டு எடுத்து ஜில்லு தண்ணில போட்டுடணும்.

அவ போட்டுக்கிட்டு முதல்ல சொன்னது, "மாமா, வாயில செருப்பைக் கவ்வுன மாதிரி இருக்கு." நெஜம் தான் பாப்பா, வீட்டுக்குள்ள போடுற அந்த மெத்துமெத்துன்னு இருக்கற லேசான செருப்பும் இதே இ.வி.ஏ தான்னு சொன்னேன், சிரிச்சு கார்டு வெளிய வந்து விழுந்துச்சு. விழக் கூடாதே! வாயைத் தொறந்து சிரிச்சாலும் மேல்பல்லுலயே ஒட்டி நிக்கணும், அது தான் டெஸ்ட்டு. திரும்ப ஒரு தடவை சூடு பண்ணி இந்த தடவை விரலை நல்லா அழுத்தி அமைச்சோம், நின்னுடுச்சு. அப்புறம் ஹால்ல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாடிக்கிட்டே நடக்க விட்டேன், 'டி' மட்டும் வழுக்குச்சு, உள்பக்க விளிம்பை நகவெட்டியோட அரத்துல கொஞ்சம் கொஞ்சமா சீவி சீவி பாத்தோம், கடைசியில சரியா வந்துச்சு. அடுத்த ரூம்ல இருந்த அக்கா "யாருடி பாடறது, நல்லா கேக்குது"-ன்னாங்க, அதுக்கு மேல என்ன வேணும். ஆனா திரும்பத் திரும்ப சூடு பண்ணி அமைச்சுக்கிட்டே இருக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் மெலியும், ரெண்டு தடவைக்கு மேல சரியா வரலன்னா அந்த சைஸே தப்பு, வேற வாங்கறது நல்லது.

ஏற்காட்டுல இருந்து ஒரு தம்பி போன் பண்ணி கேட்டான், மேல தண்ணி சீக்கிரம் கொதிக்கும், சூடு பத்தாது, இது செட் ஆகுமாண்ணான்னு. நல்ல கேள்வி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்க தண்ணி 95 டிகிரி கிட்டயே கொதிச்சிடும், அரிசி வேகத் தான் லேட் ஆகும், இ.வி.ஏ இளகறதுக்கு அந்த சூடு தாராளம். பயப்படாம செய்யலாம். குளிர்ல தண்ணி வேகமா ஆறிடும்ங்கறது மட்டும் தான் விஷயம், அடுப்புல இருந்து எறக்கின உடனே போட்டுடுங்க.

பல்லுக்கு கிளிப்பு போட்டிருக்கற பசங்க மட்டும் தயவு செஞ்சு இதை வீட்டுல செய்யாதீங்க. இளகின ரப்பர் போய் பல்லுல ஒட்டியிருக்கற பிராக்கெட்டு கம்பி மேல படிஞ்சு இறுகிடுச்சுன்னா எடுக்கறப்ப பிராக்கெட்டையும் சேத்து புடுங்கிட்டு வரும். அதுவும் இல்லாம கிளிப்புல பல்லு மாசத்துக்கு மாசம் நகருது, இன்னிக்கு அமைச்சது அடுத்த மாசம் உக்காராது. கிளிப்பு போட்டவங்களுக்குன்னே தனியா வருது, இல்ல உங்க டாக்டர் கிட்ட சொன்னா லேப்ல மாடல்லயே பிராக்கெட்டு மேல இடைவெளி விட்டு, பல்லு நகர எடம் விட்டு செஞ்சு குடுப்போம். அடி படறப்ப கம்பி உதட்டைக் கிழிக்கும், அதனால மத்தவங்களை விட இவங்களுக்கு தான் கார்டு ரொம்ப அவசியம். அதே மாதிரி பால்பல்லு விழுந்து மொளைக்கற வயசு, ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும்னு வச்சுக்கோங்க, அந்த வயசுப் புள்ளைங்களுக்கு விலை கூட உள்ளதை செஞ்சு ரெண்டு வருஷம் ஓட்டலாம்னு நெனக்காதீங்க, சுடுதண்ணி வகையே வாங்கி பல்லு மாற மாற மாத்திக்கிட்டே இருங்க. கழட்டி மாட்டுற செட்டு பல்லு இருக்கறவங்க அதை கழட்டிட்டு தான் ஆடணும், அடி பட்டு உடைஞ்சா உள்ள முழுங்கிடற அபாயம் இருக்கு.

கலர் பத்தி கேக்கறாங்க, பசங்களுக்கு அது தான் முதல்ல. பாக்ஸிங்ல செவப்பு போடவே கூடாது, ஏன்னா வாயில ரத்தமா கார்டான்னு ரெஃப்ரீக்கு தெரியாது. கபடிக்கும் அதே காரணம் பொருந்தும், செவப்பு வேணாம். ஒண்ணுமே தெரியாத வெள்ளைக் கண்ணாடி மாதிரி உள்ளதும் வேணாம், மண்ணு கிரவுண்டுல ராத்திரி லைட்டுல கீழ விழுந்தா தேடிக்கிட்டே இருக்கணும். பச்சை, நீலம் எதாவது எடுத்துக்கோங்க. இன்னொண்ணு, இதைப் போட்டா தலையில அடி பட்டாலும் மூளை அதிராதுன்னு பாக்கெட்டுல போட்டு விக்கறாங்க. அது நிரூபணம் ஆன விஷயம் இல்ல. பல்லு, உதடு, கன்னம், தாடை, இதுக்கு தான் இது. தலை இடிச்சு மயக்கமா வருது, வாந்தி வருதுன்னா கார்டு போட்டிருந்தேனேன்னு உக்காராம ஆஸ்பத்திரிக்கு போகணும்.

வாங்கறது ஒரு நாள் வேலை, வச்சுக் காப்பாத்தறது தான் தினமும். அதுவும் நம்ம ஊரு வெயிலுக்கு. சேலத்துல ஏப்ரல் மே மாசம் வெளிய 40 டிகிரி தொடுது, வெயில்ல நிக்கற ஸ்கூட்டி டிக்கிக்குள்ள எவ்ளோ இருக்கும்னு யோசிங்க. காந்தி ஸ்டேடியம் வாசல்ல மத்தியானம் வண்டியை நிறுத்திட்டு டிக்கில கார்டை வச்சுட்டு சாயங்காலம் எடுத்தா நெளிஞ்சு போய் இருக்கும், பாக்க அப்படியே தான் தெரியும், வாயில வச்சா லூசா ஆடும். சூட்டுல இளகற பொருளை தான நாம வாய்க்கு அமைச்சிருக்கோம், சூடு பட்டா அது வடிவத்தை மறந்துடும். கார் டேஷ்போர்டு, ஜன்னல் ஓரம், கேஸ் அடுப்பு பக்கம் எங்கயும் வேணாம். கழுவறதுக்கும் சுடுதண்ணி ஆகாது, சுத்தமா ஆகட்டும்னு கொதிக்கற தண்ணில போட்டுடுவாங்க சில அம்மாங்க, பாசம் தான், ஆனா கார்டு முடிஞ்சுது.

ஆட்டம் முடிஞ்ச உடனே பச்சத் தண்ணில அலசணும், எச்சில் காயறதுக்குள்ள. வீட்டுக்கு வந்து மெத்துன்னு ஒரு பிரஷ்ல, கையலம்பற லிக்விட் சோப்பு ஒரு சொட்டு விட்டு உள்பக்கம் வெளிப்பக்கம் தேச்சு நல்லா அலசுங்க. பேஸ்ட் போட்டு தேய்க்க வேணாம், அதுல இருக்கற நைஸ் மண்ணு மாதிரி உள்ள சரக்கு மேல கீறல் விடும், கீறல்ல தான் அழுக்கு போய் உக்காரும். மவுத்வாஷ்ல ராத்திரி பூரா ஊற வைக்கறதும் வேணாம். நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு ஜாஸ்தி, பக்கெட்டு குழாயெல்லாம் வெள்ளையா படியுதுல்ல, அதே மாதிரி கார்டு மேலயும் கரகரன்னு படியும், அதனால கடைசி அலசல் மட்டும் குடிக்கற தண்ணில விடுங்க. நல்லா காயணும். ஈரத்தோட மூடி வச்சா நாறும், கிருமி வளரும், வாய்ப்புண்ணு வரும். காத்து ஓட்டை போட்ட கெட்டி டப்பா ஒண்ணு கார்டோடயே குடுப்பாங்க, அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. சாக்ஸ்குள்ள சுருட்டி வைக்கறது, டிராக் பேண்ட் பாக்கெட்டுல போடறது, ஷார்ட்ஸ் இடுப்புல சொருகிக்கறது எல்லாம் பாத்திருக்கேன், வேணாம்பா. டப்பால மூடி வைக்க இன்னொரு காரணமும் உண்டு, நாய்க்கு இந்த வாசனை ரொம்ப புடிக்கும், வீட்டு நாய் ஆகட்டும் கிரவுண்டு நாய் ஆகட்டும், கையில கெடச்சா கடிச்சு குதறிட்டு தான் விடும்.

ரெண்டு பழக்கம் கண்டிப்பா வேணாம். ஒண்ணு, பெஞ்சுல உக்காந்து கார்டை மென்னுக்கிட்டே இருக்கறது. ரெண்டு, ஒருத்தன் சப்ஸ்டிடியூட்டா வெளிய வந்ததும் அவன் கார்டைக் கழுவி உள்ள போறவன் போட்டுக்கறது. எவ்ளோ நெருங்கின சேக்காளியா இருந்தாலும் வேணாம். அடிக்கடி வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க, விரிசல், ஓட்டை, கடி பட்ட எடம் மெலிஞ்சிருக்கா, ஓரம் பிசிறி ஈறுல குத்துதா, லூசா ஆடுதா, இதுல எது இருந்தாலும் மாத்த வேண்டிய நேரம் வந்துடுச்சு. நல்லா ஆடுற பசங்களுக்கு வருஷத்துக்கு ஒண்ணுன்னு வச்சுக்கலாம், வளர்ற வயசுல அதுக்கு முன்னாடியே மாத்த வேண்டி வரும். பல் டாக்டர் கிட்ட செக்கப் போறப்ப கார்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க, நெறைய பேரு எடுத்துட்டுப் போறது இல்ல.

இவ்ளோ சொல்லியும் ஒரு நாள் கார்டு போடாம ஆடுன புள்ளைக்கு பல்லு முழுசா வேரோட வெளிய வந்து விழுந்துட்டா, அதையும் சொல்லிடறேன், ஏன்னா இங்க நிமிஷம் தான் கணக்கு. பதறாம பல்லைத் தேடி எடுங்க. வெள்ளையா இருக்கற கடிக்கிற பக்கத்தைப் புடிச்சு எடுக்கணும், வேர்ப் பக்கம் கை படக் கூடாது, அந்த வேர் மேல ஒட்டியிருக்கற உயிருள்ள நார் தான் பல்லு திரும்ப ஒட்டறதுக்கு வேணும். மண்ணு இருந்தா பால்லயோ சலைன்லயோ லேசா அலசுங்க, துணியில தொடைக்காதீங்க, தேய்க்காதீங்க. நெலைப்பல்லா இருந்து, புள்ள நல்ல நெனவோட இருந்தா, அந்தக் குழியிலயே நேரா வச்சு ஒரு சுத்தமான கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லி அப்படியே டாக்டர் கிட்ட தூக்கிட்டுப் போங்க. தைரியம் வரலன்னா ஆறின பால்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. எந்த ஊரு ராத்திரி கபடியா இருந்தாலும் பக்கத்துல ஒரு டீக்கடை இருக்கும், ஆனா அடுப்புல கொதிக்கற பாலை வாங்கிடாதீங்க, பிரிக்காத பாக்கெட் பால் வாங்குங்க. குழாத்தண்ணில போட வேணாம், பேப்பர்ல மடிச்சு சட்டைப் பையில போடவே வேணாம், காஞ்சா செத்துடும். அரை மணி நேரத்துக்குள்ள போயிட்டா ரொம்ப நல்லது, ஒரு மணி நேரத்துக்கு மேல ஆக ஆக வாய்ப்பு கொறைஞ்சுக்கிட்டே போகும், அப்பவும் பல்லை விட்டுட்டுப் போகாதீங்க, டாக்டர் பாத்து சொல்லட்டும். சின்னப் புள்ளைங்க பால்பல்லு மட்டும் திரும்ப வைக்கக் கூடாது, கீழ வளர்ற நெலைப்பல்லு கெட்டுடும். டெட்டனஸுக்கு போடற டிடி ஊசி போட்டிருக்கான்னும் கேட்டுக்கோங்க. டீமை கூட்டிட்டுப் போற கோச்சு அண்ணனுங்க ஸ்ப்ரே, கிரேப் பேண்டேஜ் எல்லாம் வைக்கற அந்தப் பையில ஒரு சின்ன மூடி போட்ட டப்பாவும் ஒரு சலைன் பாட்டிலும் சேத்து வச்சுக்கோங்க, எடம் அடைக்காது.

டோர்னமெண்டுக்கு மூணு நாள் இருக்கறப்ப கார்டு வேணும்னு வந்து நிக்காதீங்க. லேப்ல செய்யறதுன்னா அளவு எடுத்து, ஊத்தி, செஞ்சு, வாயில போட்டுப் பாத்து ஓரம் சரி பண்ணன்னு நாள் ஆகும், பொங்கல் சமயத்துல எங்களுக்கும் வேலை நெருக்கும். அதை விட முக்கியம், புதுசா போட்ட கார்டோட நேரா மேட்ச்சுல எறங்கக் கூடாது. முதல்ல வீட்டுல டிவி பாக்கறப்ப போட்டுக்கோங்க, எச்சில் ஊறிக்கிட்டே இருக்கும், அது தானா அடங்கிடும். அப்புறம் ரன்னிங் போறப்ப, அப்புறம் பிராக்டிஸ்ல பாடறப்ப. ரெண்டு வாரம் இப்படி ஓட்டுனா அது வாயில இருக்கறதே மறந்து போகும். பொங்கலுக்கு ஆடணும்னா கார்த்திகை முடியறதுக்குள்ள அளவு குடுத்துடுங்க.